பதினொன்றேகால் மணி நேரம்

ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பில் மூன்றாம் தெருவின் கடைசி வீட்டில் வசித்து வந்தவருக்குப் பெயர் ஆரோக்கியசாமி. வயது ஐம்பத்தாறு. தொழிற்சாலையின் நேர அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகளாக எழுத்தராக இருந்தார். தொழிலாளியின் அட்டையில் உள்ளே நுழைந்த மணி ஒரு பக்கமும் வெளியேறிய மணி மறு பக்கமும் பதிந்திருக்கும். பின்னதிலிருந்து முன்னதைக் கழித்துப் பேரேட்டில் எழுதுவது அவருடைய வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அவர் கழித்துக்கொண்டுதான் இருந்தார். ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் பேருந்தில் இருபத்தேழு நிமிடம். பருத்திப்பட்டில் மாடுகள் குறுக்கிட்டால் முப்பத்தொன்று. கோயிலுக்கு நடை பதினொரு நிமிடம். காலை ஆறு மணிக்குக் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். தொழிற்சாலைச் சங்கு ஒலிக்கும்போது அதனோடு முள்ளைச் சரிபார்ப்பார். பகல் பன்னிரண்டரைச் சங்கு ஒலித்தாலன்றிச் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கமாட்டார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. அதை அம்பத்தூரில் இருந்த ஒரு மருத்துவரைத் தவிர வேறு யாரும் அறியார் என்று அவர் நம்பியிருந்தார். காலை ஆறரைக்கும் மாலை ஏழுக்கும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வார். வீட்டில் குளிர்பதனப் பெட்டி இல்லை. ஆகவே மருந்துக் குப்பியைப் பாலித்தீன் உறையில் கட்டி மண்பானைத் தண்ணீரில் மிதக்க விட்டிருந்தார்; கண்டாலும் இன்ன மருந்தென்று யாருக்கும் தெரியாது என்பது அவர் நினைப்பு. தொழிற்சாலை மருத்துவமனைக்குப் போனால் செய்தி குடியிருப்பு முழுவதும் பரவும் என்பதற்காகவே அம்பத்தூர் வரை போய்வந்தார்.

யாருக்குத் தெரிந்தாலும் தம் மகளுக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். மனைவி ஜெயகுமாரி இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மகள் ரோஸி அப்போதுதான் திருமணமாகி லண்டனுக்குப் போயிருந்தாள். தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அவளால் வர இயலவில்லை. அதன் பிறகு ஓராண்டுக் காலம் தொலைபேசியில் பேசிய போதெல்லாம், "அப்பா, நீங்களாவது நல்லா இருங்கப்பா" என்று சொல்லி அழுவாள். சர்க்கரை நோய் வந்திருப்பது அந்த ஆண்டின் இறுதியில்தான் அவருக்குத் தெரியவந்தது. அழுகையை நிறுத்தியிருந்த பெண்ணிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் எழவில்லை. பிறகு, இவ்வளவு நாள் சொல்லாததை இப்போது எப்படிச் சொல்வது என்று ஆயிற்று.

அந்த நோயால் அவர் ஒருமுறை மிகவும் அஞ்சியதுண்டு. சென்ற ஆண்டு ஒரு மாலையில் அம்பத்தூர் மருத்துவரிடத்திலேயே ஊசி போட்டுக்கொண்டு, ஆவடிக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று ரயில் ஏறினார். ஊசி போட்ட பின் உரிய நேரத்தில் சாப்பிடாவிட்டால் உடம்பில் சர்க்கரை இறங்கி நினைவு தடுமாறும்; ரயிலோ வழியில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டது. அதன் பின் நடந்தவை அவருக்குத் துண்டு துண்டாகவே நினைவிருந்தன. ஆவடி வந்ததையும் போனதையும் அவர் அறியவில்லை. யாரோ சட்டையைப் பிடித்து இழுத்து நடைமேடையில் இறக்கிவிட்டார்கள். "வயசான காலத்துல ஃபுல்லா ஏத்திகினு வந்துகீறான் பாரு" என்று ஒரு குரல் கேட்டது. மறுத்துச் சொல்ல முயன்றார், நாக்குப் புரளவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் விலகிப் போனார்கள். அருகே ஒரு பழக்காரியின் கூடை இருந்தது. அதிலிருந்து கேளாமலே வாழைப்பழத்தை எடுத்து உரித்துத் தின்றார். அவள் கையில் அடித்ததும் நினைவிருந்தது. நான்காவது பழத்தைத் தின்று சிறிது நேரம் சென்ற பிறகே தாம் இருக்கும் இடம் வேப்பம்பட்டு என்று அவருக்குத் தெரிந்தது. அன்று முதல் கைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றை வைத்துக்கொள்ளலானார்.

1994ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் ரோஸி பேசினாள். அவளுக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. இது மூன்றாவது. பிள்ளை பிறக்கும் வரையில் படுக்கையை விட்டு எழவே கூடாது என்று அங்குள்ள மருத்துவர்கள் கட்டளையிட்டிருந்தார்கள். கணவன் எட்மண்டுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அவனுடைய தாயார் தூத்துக்குடியில் பக்கவாதத்தில் கிடந்தார்.

"அப்பா, நீங்க வந்தாப் போதும். ஒரு ரசம் வச்சுக் குடுத்தாப் போதும்பா. பகல் பூரா தனியாக் கிடக்கேன். பயமா இருக்கு."

"வர்றேம்மா" என்றார். வேறு எதையும் யோசிக்கவில்லை.

யோசிக்கத் தொடங்கியது மூன்று வாரம் கழித்து, பூந்தமல்லியில், சுலைமானின் பயணச்சீட்டு அலுவலகத்தில். பேருந்து நிலையத்துக்கு எதிரில், சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த ஒற்றை அறை. சுலைமானுக்கு நாற்பது வயதிருக்கும். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களை அனுப்புவதே அவருக்குத் தொழில். லண்டனுக்குப் போகிறவர் எப்போதேனும் ஒருவர் வருவார். சென்னையிலிருந்து நேராகப் போகும் விமானத்தில் ஜனவரி பதினாறாம் தேதிக்கு இடம் பதிந்து, விவரங்கள் அடங்கிய தாளை அவரிடம் நீட்டினார்.

புறப்பாடு 7.30. சேர்தல் 13.15.

ஆரோக்கியசாமி வழக்கம் போலக் கழித்தார். ஐந்து மணி நாற்பத்தைந்து நிமிடம். அவருடைய மனம் இலேசாயிற்று. திருச்சிக்குப் போகிற நேரங்கூட ஆகவில்லை. காலை ஆறரைக்கு விமான நிலையத்தில் ஊசியைப் போட்டுக்கொண்டு ரொட்டி சாப்பிட்டால், பகல் சாப்பாட்டுக்கு மகள் வீட்டில் இருக்கலாம். முக்கால் மணி, ஒரு மணி பிந்தினாலும் அதற்குக் குளுக்கோஸ் இருக்கிறது. நாட்குறிப்பில் எழுதிக்கொள்வதற்காக, தூரம் எவ்வளவு என்று கேட்டார்.

சுலைமான் சுவரில் தொங்கிய அட்டவணையைப் பார்த்தார். "எட்டாயிரத்து எரநூறு கிலோமீட்டர் சார்."

ஆரோக்கியசாமி தாளின் ஓரத்தில் வகுத்துப் பார்த்தார். மறுபடியும் வகுத்தார். பேனாவை வைத்துவிட்டார்.

"சுலைமான், இந்த ப்ளேன் மணிக்கு ஆயிரத்து நானூத்தி இருபத்தாறு கிலோமீட்டர் போகுமா?"

"இன்னா சார் சொல்ற? ப்ளேனா, துப்பாக்கி குண்டா? எட்நூறு, தொள்ளாயிரம் போவும். அவ்ளோதான்."

"அப்ப அஞ்சே முக்கா மணி நேரத்துல எப்படிப் போய்ச் சேரும்?"

"அஞ்சே முக்காலுன்னு யாரு சொன்னா? பதினொண்ணேகாலு சார்."

"நீங்க குடுத்த தாள்லதானே இருக்கு. ஏழரைக்குக் கிளம்பி ஒண்ணேகாலுக்கு இறங்குது."

சுலைமான் சிரித்தார். "ஏழரை நம்ம ஊரு மணி. ஒண்ணேகாலு அவுங்க ஊரு மணி. நாம இங்க நாஷ்டா துன்னுகினு இருக்க சொல்ல அவுங்க போத்திகினு தூங்குவாங்க. அஞ்சரை மணி நேரம் பின்னால கீறாங்க. டைம் ஆபீஸ்ல குந்திகினு இது தெரியாம கீறியே சார்."

தெரியாமல் இல்லை. மகளிடம் மாலையில் பேசும்போது அங்கே காலை என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் ஒரே தாளில் எழுதிய இரண்டு மணிகளும் ஒரே கடிகாரத்தின் மணிகளாகத்தான் இருக்கவேண்டும் என்று முப்பத்திரண்டு ஆண்டு வேலை அவருக்குக் கற்றுக் கொடுத்திருந்தது. உள்ளே போகும் வாயிலில் ஒரு கடிகாரமும் வெளியேறும் வாயிலில் வேறொரு கடிகாரமும் இருப்பதை அவர் கண்டதில்லை.

"ரொம்ப யோசிக்காத சார்" என்றார் சுலைமான். "ஏறி குந்தினதும் வாட்ச்ச அஞ்சரை மணி நேரம் பின்னால திருப்பி வுட்டுடு. அதோட ஆவடிய மறந்துடு. கொழப்பமே இல்ல."

"சாப்பாடு எத்தனை மணிக்குக் குடுப்பாங்க?"

"அது எனக்கு எப்டி சார் தெரியும்? நான் இன்னா போய்கினு வந்துகினா கீறேன்? ஆளுங்கள அனுப்புறதோட சரி. குடுப்பாங்க, பட்டினியா போடுவாங்க? சாப்பாட்டுக்கு இன்னா அவ்ளோ அவசரம் ஒனக்கு?"

ஆரோக்கியசாமி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமைக்குள் உறுதி சொல்லவேண்டும், அதன் பிறகு இடத்தை வைத்திருக்க முடியாது என்று சுலைமான் சொன்னதற்குத் தலையசைத்துவிட்டு இறங்கினார்.

பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து கணக்கிட்டார். இரவு இரண்டரைக்கு வீட்டை விட்டுப் புறப்படவேண்டும். நான்கரைக்கு விமான நிலையம். ஏழரைக்கு விமானம். பதினொன்றேகால் மணி நேரம் வானத்தில். இறங்கிய பிறகு வரிசைகளிலும் காரிலும் இரண்டு மணி நேரம். ஆகப் பதினெட்டேகால் மணி நேரம். பருத்திப்பட்டு வந்தபோது வேப்பம்பட்டு நடைமேடை நினைவுக்கு வந்தது. ரயிலிலிருந்து சட்டையைப் பிடித்து இறக்கிவிடவாவது முடிந்தது. வானத்தில் யாரும் இறக்கிவிட மாட்டார்கள். தம் நாக்குப் புரளாமல் போனால், அயல்நாட்டார் இருவருக்கு நடுவில் குடிகாரனைப் போலத் தலை தொங்க உட்கார்ந்திருப்பார். தூங்குகிறார் என்று போர்வையைக்கூடப் போர்த்திவிடுவார்கள். இறங்கும்போதுதான் தொட்டுப் பார்ப்பார்கள். படுக்கையை விட்டு எழக்கூடாதவள் அந்தச் செய்தியைத் தொலைபேசியில் கேட்பாள். கேட்டு எழுந்து ஓடுவாள். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவருடைய எண்ணம் நின்றுவிடும். மேலே போக மறுக்கும். தம் உயிரைப் பற்றி அவர் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. காப்பாற்றப் போகிற தாமே அந்தக் குழந்தைக்கு எமனாகிவிடலாம் என்பதுதான் அவரை நடுங்க வைத்தது.

மூன்று நாள்கள் அவருக்கு வேலை ஓடவில்லை. விமானத்தில் எத்தனை மணிக்கு உணவு கொடுப்பார்கள் என்று கேட்கலாம் என்றால், ஏன் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பார்கள். அம்பத்தூர் மருத்துவரைக் கேட்கலாம். போகக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டால் என்ன செய்வது? ஆகவே தாமாகவே ஒரு முடிவுக்கு வந்தார். தொழிலாளி அரக்கோணத்திலிருந்து வந்தாலும் அயனாவரத்திலிருந்து வந்தாலும் தொழிற்சாலை உணவுக்கூடம் தொழிற்சாலைச் சங்குக்குத்தான் திறக்கும். விமானமோ லண்டன் கம்பெனியுடையது. எனவே அதன் சமையற்கட்டும் லண்டன் மணிக்குத்தான் இயங்கும். பகல் சாப்பாடு லண்டன் மணி பன்னிரண்டரைக்கு, அதாவது இறங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்பாக வரும். அப்போது ஆவடியில் மாலை ஆறு.

காலை ஆறரையிலிருந்து மாலை ஆறு வரை. முன்பெல்லாம் தவக்காலத்தில் நாள் முழுவதும் ஒருசந்தி நோன்பு இருந்து, மாலைப் பூசை முடிந்த பிறகே கஞ்சி குடித்த உடம்பு இது. அசையாமல் உட்கார்ந்திருப்பவனுக்கு உணவு அவ்வளவாகத் தேவைப்படாது. தாங்கலாம். தாங்குமா என்பதை வீட்டிலேயே சோதித்துப் பார்த்துவிட்டால் அச்சம் தீரும் என்று தோன்றியது. அப்போதெல்லாம் ஒருசந்தி நாளில் இன்சுலின் போட்டுக்கொண்டதில்லை என்பது அவருடைய கணக்கில் வரவில்லை.

வியாழக்கிழமை விடுப்பு எடுத்தார். ஆறரைக்கு ஊசி போட்டுக்கொண்டு நான்கு இட்டலி சாப்பிட்டார். முன் அறையில் இரும்பு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அலமாரியை முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் நகர்த்தி வைத்தார். விமானத்தில் பயணியின் பையை மேலே வைத்துவிடுவார்கள் என்று சுலைமான் சொல்லியிருந்தமையால், குளுக்கோஸ் பொட்டலம் இருந்த பையைப் பரண்மேல் ஏற்றினார். கதவைச் சாத்தினார், தாழிட மனம் துணியவில்லை. உட்கார்ந்து, இடுப்பைச் சுற்றி ஒரு துண்டை நாற்காலியோடு சேர்த்து முடிச்சிட்டார். சரியாக ஏழரைக்குக் கைக்கடிகாரத்தை ஐந்தரை மணி நேரம் பின்னே திருப்பினார். சாவி கொடுக்கவும் சங்கோடு ஒத்துப் பார்க்கவுமன்றி அவர் தொட்டறியாத கடிகாரம் அது. இப்போது மணி இரண்டு.

முதல் நான்கு மணி நேரம் நன்றாகவே கழிந்தது. செபமாலை சொன்னார். ரோஸிக்கு என்னென்ன சமைக்கலாம் என்று எண்ணினார். பூண்டுக் குழம்பு அந்த ஊரில் வாசம் அடிக்குமே, அண்டை வீட்டார் சண்டைக்கு வருவார்களா என்றுகூட யோசித்துத் தமக்குள் சிரித்துக்கொண்டார்.

பிறகு சங்கு ஒலித்தது. பகல் பன்னிரண்டரை. வயிறு சுண்டி இழுத்தது. இது ஆவடிச் சங்கு, வானத்தில் இருப்பவனுக்குக் கேளாது என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு மணி.

சிறிது நேரத்தில் கழுத்தில் வியர்வை இறங்கியது. மார்கழிக் குளிரில் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. விரல் நுனிகள் படபடத்தன. அலமாரியின் கைப்பிடி ஒன்று இரண்டாகத் தெரிந்தது. இது அதுதான் என்று அறிவின் ஒரு மூலை சொல்லிற்று. எழுந்து போய்ச் சர்க்கரையைத் தின் என்றது. சமையலறை எட்டு அடி தூரம். ஆனால் கடிகாரம் ஏழு நாற்பது என்றது. ஏழு நாற்பதுக்கு ஒருவனுக்கு ஏன் பசிக்கவேண்டும்? இப்போதுதானே இட்டலி சாப்பிட்டோம்? பன்னிரண்டரைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கழித்துப் பார்த்தார். வரவில்லை. பன்னிரண்டரையிலிருந்து ஏழு நாற்பதைக் கழிக்க வரவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகளில் முதல் முறையாகக் கழித்தல் வரவில்லை. அதுதான் அவரை முழுமையாக அச்சுறுத்திற்று. முடிச்சை அவிழ்க்க விரல்களை அனுப்பினார். அவை துண்டின் மேல் ஊர்ந்தனவே தவிர எதையும் பிடிக்கவில்லை. வாய் திறந்து கூப்பிட எண்ணினார். யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. வேப்பம்பட்டு வந்துவிட்டதா, யாரும் இறக்கிவிடவில்லையே என்று நினைத்தார். ரோஸி எங்கோ ஒரு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நிற்காதே, படுத்துக்கொள் என்று அவளிடம் சொல்லவேண்டும். குரல் எழவில்லை.

கதவு திறந்தது.

அடுத்த வீட்டுக் கண்ணம்மா இடுப்பில் குடத்தோடு நின்றாள். அவள் கணவன் வேம்புலி தொழிற்சாலையில் பட்டறைத் தொழிலாளி, பூந்தமல்லிக்காரர்கள். "அண்ணாத்தே, தண்ணி வுட்டுட்டான். சைக்கிள் கீது, ஆளக் காணோமேன்னு வந்தேன். கொடத்த எட்த்துகினு..." என்றவள் நின்றாள். "இன்னா இது? துண்டால கட்டிகினு குந்திகினு கீற? யாராவது கட்டிப் போட்டுட்டாங்களா?"

"ஏழு... நாப்பது" என்றார்.

"இன்னா ஏழு நாப்பது? மணி ஒண்ணேகாலு."

"சாப்பாடு... இன்னும் தரல."

கண்ணம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் நெற்றியில் கை வைத்தாள். கை நனைந்தது. உடனே சமையலறைக்குள் ஓடினாள். டப்பாக்கள் உருளும் ஓசை கேட்டது. ஒரு லோட்டாவில் சர்க்கரையைக் கொட்டித் தண்ணீரில் விரலால் கலக்கியபடியே வந்தாள்.

"வாயத் தொற."

"இன்னும் நேரம்..."

"தொறன்னா தொற." கன்னத்தில் ஓங்கித் தட்டினாள். பல்லில் லோட்டா இடித்தது. சிறிது சிறிதாக விழுங்க வைத்தாள். பாதி சட்டையில் வழிந்தது. மறுபடியும் போய் இன்னொரு லோட்டா கலந்து வந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தாள்.

அலமாரியின் கைப்பிடி மீண்டும் ஒன்றாயிற்று. நடுக்கம் கால்மணி நேரத்தில் அடங்கியது. அவள் தன் வீட்டிலிருந்து சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

"இது என்னன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கடைசியில் கேட்டார்.

"எங்க மாமியா பொன்னியம்மா இருந்துச்சே, அதுக்கு ரெண்டு வேளையும் நான்தான் ஊசி போடுவேன். ஒன் பானைல மிதக்குற புட்டி அதே புட்டிதான். நீ டூட்டிக்கு சாவி குட்த்துட்டுப் போவ சொல்ல நான்தானே வந்து தண்ணி ஊத்துறேன். ரெண்டு வருசமா பாத்துகினுதான் கீறேன்."

"ஏன் கேக்கல?"

"நீ சொல்லல. நான் கேக்கல." கண்ணம்மா லோட்டாவைக் கவிழ்த்து வைத்தாள். "அது கெடக்கட்டும். வாட்ச்ச ஏன் இப்டி வச்சிகீற? துண்டு எதுக்கு?"

அவர் சொன்னார். எட்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர், பதினொன்றேகால் மணி நேரம், லண்டன் மணி, லண்டன் உணவுக்கூடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிக்கொண்டு வரும்போதே அது எவ்வளவு பேதைமை என்பது அவர் காதுக்கே கேட்டது.

"வயித்துக்கு இன்னா வாட்ச் கட்டி வுட்டுகீதா?" என்றாள் அவள். "ஊசி போட்டா சோறு துன்னணும். அது ஆவடியா இருந்தா இன்னா, ஆகாசமா இருந்தா இன்னா? அவன் குடுக்கலன்னா கேட்டு வாங்கு. இல்ல, மடில கட்டிகினு போ."

"கேட்டா ஏன்னு கேப்பாங்க."

"கேட்டா சொல்லு."

அவர் தட்டை ஒதுக்கி வைத்தார். பிறகு வேப்பம்பட்டில் நடந்ததைச் சொன்னார். இதுவரை யாரிடமும் சொல்லியிராதது. கண்ணம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது.

"கோச்சிக்காத அண்ணாத்தே. கதவத் தொறந்த ஒடனே நானும் அப்டித்தான் நெனச்சேன். ஜெயகுமாரி அக்கா போனதுலருந்து ஆளு ஒரு மாதிரி கீறாரு, லீவு போட்டுகினு ஏத்திகினாருபோலன்னு. அந்தப் புட்டி ஞாபகம் வரலன்னு வையி, நீ போதைல கீறன்னு கதவ சாத்திகினு போயிருப்பேன்."

இதை அவள் விளையாட்டாகவே சொன்னாள்.  ஆனால் கதவு சாத்தப்படும் ஓசை அவருக்குக் கேட்பது போல இருந்தது. சர்க்கரை டப்பா எட்டு அடிக்கு அப்பால் இருக்க, இரண்டு ஆண்டுகளாக உண்மையை அறிந்தவளே கதவைச் சாத்திக்கொண்டு போயிருக்கக் கூடும்.

"நான் போகப் போறதில்ல, கண்ணம்மா" என்றார். "இங்கயே இப்படின்னா, அங்க..."

 கண்ணம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"ரோஸிக்கு வேற யாரு கீறாங்க?"

"யாரும் இல்ல."

"பகல்ல தனியாவா கெடக்குது பொண்ணு?"

"ஆமா."

"தண்ணி நின்னுடப் போவுது, நான் போய் புடிச்சாறேன். ஒன் கொடம் எங்க?" என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் தானே எடுத்துக்கொண்டு போனாள்.

ஆரோக்கியசாமி தனியே உட்கார்ந்திருந்தார்.  நாட்குறிப்பை எடுத்து, ஜனவரி பதினாறாம் தேதிக்கான பக்கத்தில் புதிதாக ஒரு கணக்கு எழுத முற்பட்டார். ஊசி போட்ட நேரத்தைச் சுழி என்று வைத்து, அதிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் பிஸ்கோத்து, ஐந்தரை மணி நேரத்தில் சோறு, எட்டு மணி நேரத்தில் மறுபடி பிஸ்கோத்து என்று இறக்கிக்கொண்டு வந்தார். எந்த ஊர் மணியும் அதில் இல்லை. அம்பத்தூர் மருத்துவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளவேண்டும் என்று ஓரத்தில் குறித்தார். கணக்குச் சரியாகவே இருந்தது. இருந்தும் அவருக்கு அச்சம் தீரவில்லை. ஒரு வேளை பிந்தலாம். ஒரு வேளை வாந்தி எடுக்கலாம். அப்போது அந்தத் தாள் பைக்குள்ளேயே இருக்கும், தலை தொங்கிக்கொண்டிருக்கும். அருகில் இருப்பவர் இரண்டில் ஒன்றைத்தான் நினைப்பார்: குடித்திருக்கிறார், அல்லது தூங்குகிறார்.

ரோஸியின் குரல் நினைவுக்கு வந்தது. பகல் முழுவதும் தனியாகக் கிடக்கிறேன், பயமாக இருக்கிறது என்று அவள் தயங்காமல் சொல்லியிருந்தாள். தாம் ஒரு நாளும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

வெளியே குடங்கள் மோதும் ஓசையும், "மொதல்ல வந்தவ நானு" என்று யாரோ வழக்காடுவதும் கேட்டன. கண்ணம்மா இரண்டு குடங்களோடு திரும்பி வந்தாள். ஒன்றை அவர் சமையலறையில் இறக்கினாள். மண்பானை மூடியைத் திறந்து, மருந்து உறையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பழைய தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பினாள்.

"சாயங்கால ஊசிய மறக்காதே. ஒடம்புல சர்க்கரை எவ்ளோ கீதுன்னு டாக்டராண்ட ஒரு தபா கேட்டுகினு போடு" என்றாள்.

"சரி" என்றார். பிறகு, அவள் வாசற்படியைத் தாண்டுவதற்கு முன், "கண்ணம்மா" என்று அழைத்தார்.

"இன்னா?"

"நாளைக்கு ரோஸிக்குப் போன் பண்ணி, எனக்கு இந்த நோய் இருக்குன்னு சொல்லிடறேன். ப்ளேன்ல பக்கத்துல யார் உக்கார்ந்தாலும், உக்கார்ந்த உடனே அவங்ககிட்டயும் சொல்லிடறேன்" என்றார். "நான் போறேன்."